கிணறும் மனமும்

இறைத்த கிணறு ஊறும் என்று வகுப்பறையில் அடிக்கடி கூறுகின்றோம். அது மெய்யே. ஆயின் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அறிந்த மற்றொரு மெய்யும் உண்டு. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் நன்னீரானது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. ஓய்வின்றி இறைத்தால் உவர்நீர் மேலெழும், கிணறு கெடும். ஆதலின் இறைத்தபின் கிணற்றை ஊறவிடுதல் வேண்டும். ஊறவிடுதலும் இறைப்பின் ஒரு கூறேயாம்.

மனத்திற்கும் இஃது ஒக்கும் என்பதை யான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனை எழுப்பி, முன்னர் அவனே நன்கு விளக்கிய செய்யுளொன்றின் பொருளைக் கேட்டேன். அவன் வாய்திறவாது நின்றான். சோம்பல் எனக் கருதிக் கடிந்தேன். அவன் கண்கள் கலங்கின. பின்னர்த் தனியே அழைத்து வினவியபோது, அக்கிழமை கழிந்த வகை தெரிந்தது. விடியற்காலை 5 மணிக்குத் தனியார் வகுப்பு; பின் கல்லூரி; மாலையில் மீண்டும் வகுப்பு; நள்ளிரவு வரை ஒப்படைகள். அவற்றுள் ஒன்று யான் கொடுத்தது. அன்று தொடக்கம் வெள்ளிக்கிழமைகளில் யான் வீட்டுவேலை கொடுப்பதில்லை. அதற்கு ஈடாக மாணவர்க்குக் கூறுவனவற்றுட் சிலவற்றை இங்குத் தருகின்றேன்.

முதலாவது, மனச்சுமையைத் தாளில் இறக்கிவைத்தல். எஞ்சிய வேலைகளையும், அவற்றை எந்நாள் எந்நேரம் செய்வது என்பதையும் வெள்ளி மாலையே எழுதிவிடுக. முடியாத வேலை மனத்தை அரிக்கும். அதற்குத் திட்டவட்டமான ஒழுங்கு வகுத்தவுடன் அவ்வரிப்புத் தணியும் என 2011ஆம் ஆண்டில் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் உளவியலாளர் இருவர் ஆய்ந்து காட்டினர்.

இரண்டாவது, மரநிழலில் உலாவுதல். 1984ஆம் ஆண்டில் ரொஜர் உல்ரிச் என்பார் ஓர் ஆய்வை வெளியிட்டார். சத்திரசிகிச்சை பெற்றோருள், சாளரத்தினூடே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான நோவு மருந்துகளையும் குறைவாகவே வேண்டினர். பார்த்தலே இத்துணைப் பயன் தருமாயின், வயல்வரம்பிலோ கடற்கரையிலோ அரைமணி நேரம் நடத்தல் வீண்போகுமோ? கைத்தொலைபேசி மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, விளையாட்டு. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வைத்துள்ளார். வெற்றிக்கிண்ணத்திற்காக ஆடுவது வேறு. ஒழுங்கையில் அயலவரோடு பந்தடிப்பது வேறு. களைத்த மனத்திற்குப் பின்னதே மருந்து.

நான்காவது, மூச்சும் நீராட்டும். கிணற்றடியில் ஆறுதலாக நீராடிய பின் பத்து நிமிடம் அமர்ந்து, உள்வாங்கும் மூச்சினும் வெளிவிடும் மூச்சை நீளமாக விடுக. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்புச் சற்றே தணிதல் உடலின் இயல்பு.

ஐந்தாவது, உறக்கம். 14 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. பகலிற் கற்றது நினைவில் ஊன்றுவதும் உறக்கத்திலேயே. உறக்கத்தைக் களவாடிப் படிப்பவன் தன் படிப்பையே களவாடுகின்றான்.

இவையெல்லாம் சிறு செயல்கள், பணச்செலவு அற்றவை. இவற்றாலும் நீங்காத சோர்வு இரண்டு கிழமைக்கு மேல் நிலைக்குமாயின், மாணவன் அதனை மறையாது பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, மருத்துவரிடமோ கூறல் வேண்டும். கேட்போர் கடியாது கேட்டல் வேண்டும்.

பழைய மாணவர்களே, உங்களுட் பலர் இன்று பெற்றோர். பிள்ளையின் கிழமையில் ஒரு மாலையையேனும் வகுப்பின்றி விட்டுவையுங்கள். அன்று யான் கடிந்த மாணவனும் இன்று உங்களுள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கும் எட்டும். அன்று கூறிய சொல்லுக்கு வருந்துகின்றேன் என்பதை அவன் இவ்வரிகளில் அறிவானாக.