ஆயில் இன்ஜினை நாமே பார்த்துக்கொள்வோம்



குழுக் கடனில் மாடு வாங்கினால் தீனி, தண்ணி, ஊசி எல்லாம் நாமே பார்க்கிறோம். ஆயில் இன்ஜின் வாங்கினால் மட்டும் "அது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று தள்ளி நிற்கிறோம். மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 என்பது வழக்கமான நாள். அதற்கு முன்பே போர் தண்ணீரை வைத்துக் குறுவை நாற்று விடுகிறவர்கள் நம்மில் பலர். அந்த நேரத்தில் இன்ஜின் நின்று, வீட்டுக்காரரும் வெளியூரில் இருந்தால் நாற்று மெக்கானிக்குக்காகக் காத்திருக்காது.

பயப்பட ஒன்றுமில்லை. டீசல் இன்ஜினில் பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. உள்ளே காற்றை இறுக்கி அழுத்தினால் அது கடும் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மனிக்காரர் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டியது இதுதான். (1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அதற்காக நம் வீட்டு எண்ணெயை ஊற்றிப் பார்க்க வேண்டாம்!) ஆகவே சுத்தமான காற்று, சுத்தமான டீசல், நல்ல ஆயில், குளிர வைக்கத் தண்ணீர் இந்த நாலும் சரியாக இருந்தால் பெரும்பாலான கோளாறு வராது.

தினமும் ஓட்டுவதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ஊற்றலாம். ஊற்றாமலே கூடியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர்தான், ஓட்டாதீர்கள். பல 5 எச்.பி. இன்ஜின்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்வார்கள். தினம் 8 மணி நேரம் ஓடினால் ஒரு மாதக் கணக்கு. உங்கள் இன்ஜின் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குழுவுக்குத் தீர்மான நோட்டு வைக்கிற நமக்கு, இன்ஜின் ஓடிய நேரத்தை எழுத ஒரு நோட்டு பெரிய விஷயமா? இன்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்கினால் கசடும் சேர்ந்து வந்துவிடும். அதை வாய்க்காலில் கொட்டக் கூடாது.

ஏர் கிளீனர் நம் மூக்கு மாதிரி. கதிரடிக்கும் களத்துப் பக்கம் ஓடும் இன்ஜினுக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆயில் தொட்டி வைத்த வகை என்றால் கழற்றி, டீசலில் அலசி, காயவைத்து, கோடு வரை புது ஆயில் விட்டு மாட்டுங்கள். இதற்குச் செலவு ஒரு கிண்ணம் டீசலும் பழைய துணியும்தான்.

இன்ஜின் நிற்க முக்கியமான காரணம் ஏர் லாக். டேங்க் காலியாகும் வரை ஓட்டினால் குழாயில் காற்று ஏறிவிடும். பிறகு டீசல் ஊற்றினாலும் கிளம்பாது. டீசல் ஃபில்டர் மேலே உள்ள சிறு திருகைத் தளர்த்துங்கள். முதலில் நுரையாக வரும். நுரை இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்ப் பக்கத்துத் திருகிலும் அப்படியே. ஒரே ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் நாசில் பீய்ச்சும் இடத்தில் கையைக் காட்டாதீர்கள், அந்த வேகத்துக்கு டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கேனில் வாங்கிய டீசலை ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடிமண்டியை விட்டுவிட்டு மேலாக வடிகட்டி ஊற்றுங்கள்.

புகையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லலாம். கறுப்பாக வந்தால் காற்றுப் போதவில்லை, அல்லது பாரம் அதிகம், அல்லது நாசில் கெட்டுப்போச்சு. முதலில் ஏர் கிளீனரைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். கிளம்பும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் பயமில்லை, சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நாசில், வால்வு, ரிங் வேலைகளில் நாம் கை வைக்க வேண்டாம். தண்ணீர் நின்று இன்ஜின் கொதித்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும்.

2022 நவம்பர் 11-ஆம் தேதி மழை யாருக்கும் மறந்திருக்காது. சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினின் ஹேண்டிலை அவசரப்பட்டுச் சுற்றவே கூடாது. உள்ளே புகுந்த தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடி நட்டைத் திறந்து ஆயிலை முழுதும் இறக்குங்கள், தண்ணீர்தான் முதலில் வரும். டேங்க் டீசலையும் இறக்கிவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி அலசி வையுங்கள். மெக்கானிக் வந்து நாசிலைக் கழற்றிய பிறகுதான் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். துரு பிடிக்க நாலு நாள் போதும், ஆகவே தண்ணீர் வடிந்த அன்றே சொல்லி அனுப்புங்கள். மழை எச்சரிக்கை வந்ததுமே இன்ஜினை மேட்டுக்கு ஏற்ற முடிந்தால் ரொம்ப நல்லது. முடியாவிட்டால் சைலன்சர் வாயையும் காற்று போகும் வழியையும் பிளாஸ்டிக் தாள் சுற்றி இறுகக் கட்டுங்கள். ஓட்டும் முன் மறக்காமல் அவிழ்க்க வேண்டும்.

வேலை செய்யும்போது முந்தானையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் பக்கம் குனியாதீர்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், திருப்பி அடித்தால் கை தப்பிக்கும். அடைத்த கொட்டகைக்குள் ஓட்டினால் புகை உயிரையே வாங்கிவிடும், கதவைத் திறந்து வையுங்கள்.