மெய்விவாகத்துக்கு முன் மூன்று கேள்விகள்



கலியாணம் நிச்சயமானதும் நம் வீடுகளில் மண்டபம் பிடிக்கிறோம், நகை, புடவை எடுக்கிறோம், பத்திரிகையும் அச்சிடுகிறோம். பிறகுதான், "ஓலை எழுத வேண்டும் சுவாமி" என்று பங்குக் கோவிலுக்கு வருகிறோம். திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போகச் சொன்னால், "சர்டிபிகேட் கிடைத்தால் போதும்" என்கிறவர்களும் உண்டு.

மெய்விவாகம் தேவதிரவிய அநுமானம். மணமக்களின் சம்மதமே அதை உண்டாக்குகிறது. அந்தச் சம்மதத்தை அவர்களுக்குப் பதிலாக வேறு எவரும் கொடுக்க இயலாதென்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1057-ம் பிரிவில் சொல்லுகிறது. தாய் தகப்பனுக்கும் அந்த அதிகாரமில்லை. ஆகையால் குருவானவர் சம்மதம் பெறுமுன் மூன்று காரியங்களைக் கேட்கிறார். அவற்றுக்கு உண்மையாகப் பதில் சொல்ல ஆயத்தப்படுத்துவதே இவ்வகுப்பு.

முதலாவது: கட்டாயமின்றி, முழு மனதோடு வந்தீர்களா? பெற்றோர் பார்த்த வரனானாலும் பெண்ணும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசவேண்டும். பயமுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. குடிப்பழக்கம், நோய், கடன் ஆகியவற்றை மறைப்பதும் நீதியல்ல. கனமான குறையை மறைத்து வஞ்சனையாய்ச் சம்மதம் பெற்றால் விவாகமே செல்லாமற் போகக்கூடும். வரதட்சணைப் பேரமோ 1961-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது: வாழ்நாளெல்லாம் ஒருவரையொருவர் நேசித்து மதிப்பீர்களா? சம்பளத்தை எப்படிச் செலவிடுவது, தனிக்குடித்தனமா கூட்டுக்குடும்பமா, மனைவி வேலைக்குப் போவதா, சண்டை வந்தால் எப்படிச் சமாதானமாவது என்பவற்றை முன்னதாகவே பேசுவது நலம்.

மூன்றாவது: சர்வேசுரன் தரும் பிள்ளைகளை ஏற்று விசுவாசத்தில் வளர்ப்பீர்களா? ஜெபிக்காத வீட்டில் பிள்ளைகள் ஜெபிக்கக் கற்பதெங்ஙனம்?

பெற்றோரே, இந்த ஆயத்தம் சிறுவயதிலேயே வீட்டில் தொடங்குகிறதென்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ல் போதித்தார். தகப்பன் தாயை அழைக்கும் குரலே பிள்ளைக்கு முதல் பாடம்.

எனவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் பங்குச் சுவாமியாரைக் காணுங்கள். ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கொண்டுவாருங்கள். உறுதிபூசுதல் பெறாதவர்கள் அதைத் தெரிவியுங்கள். இருவரும் தவறாமல் வகுப்புக்கு வாருங்கள். கலியாணத்துக்கு முன் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்து, தேவநற்கருணை உட்கொள்ளுங்கள்.

வகுப்பில் பேசிப் பார்த்தபின் ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டால், வீட்டார் அவரை ஏசவேண்டாம். பத்திரிகை அச்சாகியிருந்தாலும் நிச்சயதார்த்தத்தை நிறுத்தலாம்; அதில் அவமானமில்லை. முறையாக நிறைவேறிய மெய்விவாகத்தை மனிதர் பிரிக்கலாகாது.

கானாவூர்க் கலியாண வீட்டார் சேசுநாதரையும் தேவமாதாவையும் அழைத்திருந்தார்கள். குறை வந்தபோது உதவி பக்கத்திலேயே இருந்தது. நம் மணமக்களும் அவர்களை முன்னதாகவே அழைப்பார்களாக.