கார்டு பாக்கிக்குச் சம்மன் வந்தால்

கிரெடிட் கார்டு பாக்கிக்காக வீட்டுக்கு வரும் காகிதமெல்லாம் ஒன்றல்ல. வக்கீல் நோட்டீஸ் வங்கி தரப்பின் கடிதம்தான்; அதை வைத்து வழக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நடுவர் நோட்டீஸ் வந்தால், அந்த நடுவரை வங்கியே தன்னிச்சையாக நியமித்ததா என்று பாருங்கள். அப்படிப்பட்ட நியமனம் செல்லாது என்று 2019-ல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆட்சேபத்தை உடனே எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் முத்திரையோடு வரும் 'கைது வாரண்ட்' பெரும்பாலும் வசூல் ஆட்களின் கைவண்ணம். சம்மன் உண்மைதானா என்று அறிய, இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுத் தேடினால் போதும்.

உண்மையான சம்மனோடு அமீனா வந்தால், 'ஆள் ஊரில் இல்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் சார்வு ஆனதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பிராது நகலோடு வாங்கி, வாங்கிய தேதியை உறையின் மேலேயே குறித்துவையுங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.

அடுத்து, அது எந்த வகை வழக்கு என்று பாருங்கள். சாதாரண அசல் வழக்கானால் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் காரணம் கேட்டு 90 நாள் வரை நீட்டிக்கலாம். சம்மனில் 'கட்டளை 37' என்று இருந்தால் கதை வேறு. பத்தே நாளில் ஆஜராக வேண்டும். பிறகு வங்கி அனுப்பும் இரண்டாவது சம்மன் வந்த பத்து நாளுக்குள், வழக்காட அனுமதி கேட்டு மனுப்போட வேண்டும். இரண்டில் எதைத் தவறவிட்டாலும் விசாரணையே இல்லாமல் டிகிரி ஆகிவிடும்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

வேலை நிறைய இருப்பது எதிருரையில்தான். 'பிராதில் உள்ளதெல்லாம் பொய்' என்று ஒரே வரியில் எழுதினால், குறிப்பாக மறுக்காத ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள இடமுண்டு. பத்தி பத்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு வாங்கியது உண்மையென்றால் அதை ஒத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. நீதிபதி மற்றதை நம்ப அது உதவும். பழைய ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்து, நீங்கள் செலவழித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மீதியில் வட்டியும் தாமதக் கட்டணமும் எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரியுங்கள். வழக்குப் போட்டது வங்கியா, கடனை விலைக்கு வாங்கிய நிறுவனமா? நிறுவனமென்றால் கைமாறிய பத்திரம் எங்கே என்று கேளுங்கள். கணினி ஸ்டேட்மென்ட்டோடு சட்டப்படியான சான்று இணைந்திருக்கிறதா என்பதையும் விடாதீர்கள்.

கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்பது முக்கியம். இத்தகைய கடனுக்கு வழக்குப் போடும் காலவரையறை 3 ஆண்டு. அதற்குள் கடனை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். 'ஐந்நூறு ரூபாய் கட்டி ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள் சார்' என்று வசூல் ஆள் கெஞ்சுவதற்குப் பின்னால் இந்தச் சூட்சுமம் இருக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற 2008-ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணைய உத்தரவை மேற்கோள் காட்டும் பழைய மாதிரி எதிருரையைப் பார்த்து எழுதாதீர்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

கடன் உண்மை, தொகையும் ஏறக்குறைய சரி என்றால் வருடக்கணக்கில் வாய்தா வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை, வட்டிதான் ஏறும். லோக் அதாலத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். அங்கே முடிந்தால் வங்கி கட்டிய நீதிமன்றக் கட்டணம் அதற்கே திரும்பக் கிடைக்கும் என்பதால் அவர்களுக்கும் இறங்கிவர ஒரு காரணம் உண்டு. ஆனால் அங்கே கையெழுத்திட்டபின் மேல்முறையீடு கிடையாது. மாதம் மூவாயிரம்தான் முடியுமென்றால் ஐயாயிரத்துக்குத் தலையாட்டாதீர்கள். பேச்சு முறிந்தாலும், தீர்ப்பின்போது தவணை கேட்க உரிமையுண்டு.

கவனிக்காமல் விட்டு எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிட்டதா? 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப்போடலாம். சம்மனே முறையாகச் சார்வாகவில்லை என்றால், டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள். டிகிரி நிலைத்து சம்பளத்தில் கைவைத்தாலும் முதல் ஆயிரம் ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது.

டிகிரிக்குப் பிறகு வங்கியோடு வெளியே பேசி முடித்துப் பணம் கட்டினால், ரசீதை பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். அந்தத் தொகை நீதிமன்றப் பதிவில் ஏறாவிட்டால், நிறைவேற்று மனு வரும்போது நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காது. கட்டிய 30 நாளுக்குள் பதிவு செய்யக் கோரி மனுப்போட்டு, ஏறிவிட்டதை உங்கள் கண்ணால் பாருங்கள்.