தோடை மரத்திற்குத் துணைபுரியும் வேர்ப்பங்கசுகள்

நெல்லில் எரிபந்த நோயையும் மிளகாய்ப் பழங்களில் அழுகலையும் விளைவிக்கும் பங்கசுகளைக் கமக்காரர் நன்கறிவர். ஆயினும் பங்கசுகள் யாவும் பகையல்ல. தோடை, தேசி, நாரத்தை முதலிய மரங்களின் வேர்களினுள் வாழ்ந்து, அம்மரங்களுக்கு உணவு தேடிக் கொடுக்கும் பங்கசுகளும் உள.

கூட்டு வாழ்க்கை

தோடையின மரங்களுக்கு வேர்மயிர்கள் குறைவு, உள்ளனவும் குறுகியவை. மண்ணிலுள்ள பொசுபரசோ எளிதில் இடம்பெயர்வதன்று. வேரையடுத்து ஓரிரு மில்லிமீற்றருக்குள் உள்ள பொசுபரசு தீர்ந்ததும், அப்பாலுள்ளது வேருக்கு எட்டுவதில்லை. இக்குறையை வேர்ப்பங்கசு நீக்குகின்றது. தலைமயிரினும் மெல்லிய அதன் இழைகள் சில சென்ரிமீற்றர் தூரம் பரந்து சென்று, பொசுபரசையும் நாகம், செம்பு ஆகியவற்றையும் வேருக்குக் கொணர்கின்றன. மரம் இலைகளில் ஆக்கிய சீனியிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைக் கைம்மாறாக அளிக்கின்றது. உயிருள்ள வேரின்றி இப்பங்கசு பெருகமாட்டாது.

நாற்றுமேடை தந்த பாடம்

அமெரிக்காவில், நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்கென நச்சுப்புகையூட்டிய மேடைகளில் வளர்ந்த தோடை நாற்றுக்கள் குன்றி மஞ்சளித்தன. மண்ணில் நஞ்சு எஞ்சியதே காரணமெனப் பலர் கருதினர். கிளைன்சிமிற், கேடமன் என்னும் ஆராய்ச்சியாளர் 1972இல் உண்மையை விளக்கினர். பகையுடன் துணையும் அழிந்தமையே அந்நாற்றுக்களின் குறை. வேர்ப்பங்கசை மீண்டும் சேர்த்தபோது அவை செழித்தன.

செய்யவேண்டியவை

1. மேடை மண்ணை வெப்பத்தாலோ மருந்தாலோ தூய்மையாக்கினால், மண் ஆறி மருந்தின் வேகம் தணிந்தபின், சோளம், பயறு அல்லது வெங்காயம் நோயின்றி வளர்ந்த நிலத்தின் மேல்மண்ணை மென்வேர்களுடன் எடுத்துக் கலக்குக.

2. கோவா, முள்ளங்கி, பீற்றூட் வளர்ந்த மண்ணை இதற்கு எடுக்கற்க. அவற்றின் வேர்களில் இப்பங்கசு தங்குவதில்லை. நீர் நின்ற வயல் மண்ணும் உகந்ததன்று. நோயுற்ற தோடை மரத்தடி மண்ணை ஒருபோதும் எடுக்கலாகாது, வேரழுகலும் உடன்வரும்.

3. பொசுபேற்றுப் பசளையை மண் பரிசோதனைக்கேற்ப அளவோடு இடுக. மிகுந்தால் வேர்களில் பங்கசு குறையும்.

4. மரத்தடியை ஆழக் கொத்தாது, சருகாலும் வைக்கோலாலும் மூடுக. மூடுபடை அடிமரத்தைத் தொடாதிருக்கட்டும். நீர் தேங்க விடற்க.

நாற்று குன்றி நின்றால் உடனே பசளையைக் கூட்டுதல் வீண்செலவாகலாம். முதலில் வேரையும் மண்ணையும் ஆராய்ந்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுக. கண்ணுக்குத் தெரியாத இத்துணைவனைக் காப்பவர் தோட்டத்தில் இட்ட பசளை வீண்போகாது.