எந்த மருந்து நல்லது?

கேள்வி: செம்பனையைத் தோண்டும் காட்டுப்பன்றியைச் சுடப் போகும் அண்ணன், ரைஃபிள் தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து அடைக்கலாம் என்கிறார். எந்த மருந்து நல்லது?
— வாசகர், சுங்கை பஞ்சாங்

பதில்: முதலில் சட்டம். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அண்ணனிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். துப்பாக்கி உரிமம் இருந்தாலும் கடைத் தோட்டாதான் வாங்க வேண்டும்.

இனி மருந்து. நீலகிரி மலை ரயிலில் குன்னூர் தாண்டினால் அரவங்காடு. நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே ‘கார்டைட்’ தொழிற்சாலை இருக்கிறது. புகையில்லா மருந்தை நூல் நூலாக இழுத்ததால் வந்த பெயர் அது. 1889இல் பிரிட்டனில் உருவான முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58, பஞ்சு மருந்து 37, வாசலின் 5 விழுக்காடு.

கரிமருந்து பொடி; தீப்பட்டதும் குபீரென எரியும். புகையில்லா மருந்தோ மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரியும். அதனால் மருந்து மணியின் வடிவமும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நடுவில் துளையுள்ள குழல் மணியை எண்ணிப் பாருங்கள்: வெளிப்புறம் தேயத் தேய உள்துளை அகலும், எரியும் பரப்பு ஏறக்குறைய சீராக நிற்கும். பெரிய தோட்டாக் கூடு, கனமான குண்டு என்றால் மெதுவாக எரியும் மருந்து; கைத்துப்பாக்கிக்கும் சாட்கன்னுக்கும் வேகமானது. ஆகவே எல்லாத் தோட்டாவுக்கும் ‘நல்ல மருந்து’ என்று ஒன்று இல்லை. வேக மருந்தை ரைஃபிள் கூடு நிறையக் கொட்டினாலோ, கரிமருந்தின் அளவிலேயே புகையில்லாததைப் போட்டாலோ துப்பாக்கிக் குழல் வெடிக்கலாம். சுடுபவரின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது.