அபராதம் கட்டினால் கேஸ் போய்விடாது

“ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துடு, கேஸ் க்ளோஸ்.” மாஜிஸ்திரேட் கோர்ட் தாழ்வாரத்தில் ஏட்டு இதைச் சொல்கிறார், குமாஸ்தா சொல்கிறார், துணைக்கு வந்த மாமாவும் சொல்கிறார். எத்தனை முறை மறுத்தாலும் ஓயாத பொய் இது! அபராதம் கட்டினால் தீர்வது கோர்ட் அலைச்சல் மட்டுமே. ஐந்நூறு ரூபாய் அபராதமும் தண்டனைதான், ஒப்புக்கொண்டவர் தண்டிக்கப்பட்டவர்தான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல்முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை, 15,000 ரூபாய். அன்று ஒத்துக்கொண்டது இன்று எதிரே வந்து நிற்கும். வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்பார்கள். கேஸ்தான் முடிந்ததே என்று ‘இல்லை’ எழுதும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அற்ப வழக்கை மறைத்ததை வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொறுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

தலையாட்டினாலே ஒப்புதல் ஆகிவிடும் என்பதும் தவறு. சிறு குற்றங்களுக்கான சம்மன் வழக்கில் குற்றச்சாட்டின் விவரத்தை முதலில் சொல்லவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொண்டால், கூடியவரை அவர் பேசிய சொற்களிலேயே பதியவேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 275-ஆம் பிரிவு. பழைய சட்டத்திலும் இதே விதிதான். சென்னை மாநிலத்திலிருந்து போன மஹந்த் கௌசல்யா தாஸ் வழக்கில், இந்த விதி கட்டாயம், மீறினால் தண்டனையே செல்லாது என்று அறுபதுகளிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, “தப்பு பண்ணியா?” “ஆமாங்கய்யா” என்று முடித்து, எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுதுவது இந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறது?

போலீசிடம் ஒப்புக்கொண்டாலே தண்டனை நிச்சயமா? இல்லை, அந்த வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அப்புறம் அப்பீல் போய்க்கொள்ளலாமா? ஒப்புக்கொண்டபின் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே, அதுவும் சில வழக்குகளில்தான் கேட்கமுடியும். ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமா? அதற்கு உத்தரவாதம் கிடையாது. பேரம் பேசித் தீர்க்கும் முறைக்குத் தனி அத்தியாயமும் தனி மனுவும் உண்டு.

வாய் திறக்குமுன் இலவச சட்ட உதவி வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள். காவலில் இருப்பவர் எவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பெட்டி கேஸ் எடுக்கும் ஒவ்வொரு கோர்ட்டிலும் காலையிலேயே அப்படி ஒரு வக்கீலை உட்காரவைக்க வேண்டும், கூண்டில் நிற்பவரின் பேச்சை அவருடைய தமிழிலேயே பதியவேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நாற்காலியும் ஒரு வக்கீலும் போதும்.