சிறைச் சாளரத்தில் ஒரு மகள்

உறவினருக்குச் செய்வது கடமை, அயலாருக்குச் செய்வதே சேவை என்று நம்முள் பலர் பிரித்து வைத்திருக்கிறோம். சேவை முகாமுக்கு விரையும் அன்பருக்கு, வீட்டில் படுக்கையிலிருக்கும் தந்தையின் அருகே அமர நேரம் வாய்ப்பதில்லை. இப்பிரிவினையை ஏற்காத ஓவியம் ஒன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உள்ளது.

ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்ய அந்நகரின் இளம் பிரபுக்கள் எழுவர் 1602-இல் ‘பியோ மோந்தே’ என்னும் அறநிலையத்தை நிறுவினர். அதன் ஆலயப் பலிபீடத்திற்காக, பரோக் கலையின் முன்னோடியான கரவாஜ்ஜோ 1607-இல் ‘கருணையின் ஏழு செயல்கள்’ என்னும் ஓவியத்தை நிறைவு செய்தார். அவரோ 1606-இல் ரோமில் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்று, தண்டனைக்கு அஞ்சித் தப்பி வந்தவர். கருணையைத் தீட்ட இவர்தானா கிடைத்தார் என்று தோன்றலாம். கருணையின் தேவையை இவரைவிட உணர்ந்த ஓவியர் எளிதில் கிடைத்திருக்க மாட்டார் என்றே கருதுகிறேன்.

பசித்தோர்க்கு உணவு, தாகமுற்றோர்க்கு நீர், ஆடையற்றோர்க்கு ஆடை, வழிப்போக்கர்க்கு இடம், நோயுற்றோரையும் சிறைப்பட்டோரையும் சென்று காணல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகியவை அந்த ஏழு. முதல் ஆறும் மத்தேயு நற்செய்தியில் இயேசுநாதர் கூறியவை. அனைத்தையும் ஓர் இருண்ட தெருவில் நெருக்கமாக அமைத்துள்ளார் ஓவியர். மேலே, தேவதூதர்களின் சிறகுகளுக்கிடையே அன்னை மரியாள் குழந்தையுடன் கீழே நோக்குகிறார்.

வலப்புறச் சிறைச் சாளரத்தின் கம்பிகள் வழியே ஒரு முதியவரின் தலை நீண்டிருக்கிறது. வெளியே நிற்கும் இளம்பெண் அவருக்குப் பாலூட்டுகிறாள். சிறைப்பட்ட தந்தை கிமோனைத் தாய்ப்பால் தந்து காத்த மகள் பெரோவின் கதை இது. வாலேரியஸ் மாக்ஸிமஸ் என்ற பண்டைய ரோமானிய ஆசிரியர், பெற்றோரிடம் கொள்ளும் பக்திக்குச் சான்றாக இதைப் பதிவு செய்தார். அந்தக் குடும்பக் கதையைக் கரவாஜ்ஜோ அறச்செயல்களின் நடுவே வைத்துவிட்டார். பசித்தவருக்கு உணவு, சிறைப்பட்டவரைக் காணல் என்னும் இரண்டையும் இம்மகள் ஒருத்தியே நிறைவேற்றுகிறாள். தந்தைக்குச் செய்தாள் என்பதால் அது சேவையின் கணக்கிலிருந்து நீங்கவில்லை.

பக்தி என்றால் சாந்தம் தவழும் முகத்தை நாம் எதிர்பார்க்கிறோம். பெரோவின் முகத்தில் அது இல்லை. தன் ஆடையின் நுனியைத் தந்தையின் தாடிக்கடியில் ஏந்தியபடி, யாரேனும் வருகிறார்களோ என்று அஞ்சி வேறுபுறம் பார்க்கிறாள். தாடியில் ஒரு துளி பால் ஒட்டியிருக்கிறது. அவளுக்குப் பின்னால் தீப்பந்த ஒளியில் ஒரு சடலத்தைத் தூக்கிச் செல்கிறார்கள். பாதங்கள் மட்டுமே தெரிகின்றன.

எந்த விலைக்கும் இவ்வோவியத்தை விற்பதில்லை என்று அறநிலையத்தார் 1613-இல் முடிவு செய்தனர். அது இன்றும் அறநிலைய ஆலயத்தின் பலிபீடத்தின் மேல் இருக்கிறது.